நாம் புதர் என்று ஒதுக்கிய காடு

நாட்டு மரங்களுக்கென்றே அமைத்த பூங்காவுக்குப் போகிறவர்களில் பலர் முகம் வாடித்தான் திரும்புகிறார்கள். "பூங்கான்னு சொன்னீங்க, பூவையே காணோமே? எங்க கம்பெனி காம்பவுண்டுக்கு வெளியே இருக்கிற அதே புதர்தானே அங்கேயும் இருக்கு" என்று கேட்கிறார்கள். ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கம் வேலை பார்க்கும் நண்பர்களிடம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்வி. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் வரும்வரை நேரம் இருக்கிறது. ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசலாம்.

அவர்கள் பார்த்தது சரி. அங்கே நட்டு வளர்த்திருப்பதும் இங்கே வேலிக்கு வெளியே தானாக முளைத்து நிற்பதும் பெரும்பாலும் ஒரே காட்டுச் செடிகள்தான். அங்கே அதற்குப் பெயர்ப்பலகை உண்டு, காவல் உண்டு. இங்கே அதற்குப் பொக்லைன் வருகிறது. அந்தக் காடு என்ன காடு என்று தெரிந்துகொண்டு போனால் பூங்காவில் பார்ப்பதற்கு ஏராளம் இருக்கிறது.

முதலில் எந்தப் பூங்கா என்று சொல்லிவிடுகிறேன். நமக்குப் பக்கத்தில் இருப்பது சென்னை அடையாறு முகத்துவாரத்தில் உள்ள தொல்காப்பியப் பூங்கா. 58 ஏக்கர். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த உப்பங்கழி ஓரம் அது. அதைத் தோண்டிச் சுத்தம் செய்து, நீர் நிற்க இடம் விட்டு, கரையெங்கும் இந்தக் கடற்கரைச் சமவெளிக்கு உரிய செடிகளையும் மரங்களையும் நட்டு, 2011 ஜனவரியில் திறந்தார்கள். திட்டத்துக்கு வழிகாட்டியவர்கள், ஆரோவில்லில் 1970-களிலிருந்து நாட்டுக் காட்டை வளர்த்துவரும் பிச்சாண்டிக்குளம் வன அமைப்பினர். ஆரோவில்லிலேயே 2000-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா 50 ஏக்கரில் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடிந்தவர்கள் திண்டிவனம் வழியாக அங்கேயும் போய்வரலாம்.

தொல்காப்பியப் பூங்காவுக்கும் ஒரகடம், வல்லம் பக்கத்து நம் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதிக்கும் நேரடியாகவே ஓர் உறவு உண்டு. ஆதனூர், மணிமங்கலம், படப்பை, ஒரத்தூர் பக்கத்து ஏரிகளில் நிரம்பி வழியும் தண்ணீர் அடையாற்றில் சேர்கிறது. செம்பரம்பாக்கத்து உபரிநீரும் அதே ஆற்றில்தான் இறங்குகிறது. நம் பக்கம் பெய்த மழை கடலுக்குப் போகிற வழியில், கடைசியாக அந்தப் பூங்காவின் ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. ஒரே ஆற்றின் தலைமாட்டில் நாம், கால்மாட்டில் அந்தப் பூங்கா.

இனி காட்டைப் பற்றி. 1968-இல் சாம்பியன், சேத் என்ற இரு வன அறிஞர்கள் இந்தியக் காடுகளை 16 பெரும் வகைகளாகப் பிரித்தார்கள். அதில் ஏழாவது, வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. ஆந்திரக் கடற்கரையிலிருந்து இராமநாதபுரம் வரை, கடலை ஒட்டிய குறுகலான நாடாபோல் இது ஓடுகிறது. இலங்கையில் வன்னிப் பக்கமும் இதன் உறவுக் காடுகளே.

'உலர்' என்றும் 'பசுமைமாறா' என்றும் சேர்த்துச் சொல்வது முரணாகத் தோன்றும். வறண்ட ஊரில் மரங்கள் கோடையில் இலையை உதிர்த்துத் தப்பிக்கும், அதுதான் வழக்கம். மழை கொட்டும் மலையில் ஆண்டு முழுவதும் பச்சை நிற்கும், அதுவும் வழக்கம். நம் ஊர் இரண்டிலும் சேராது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே, சில புயல்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் மாலை நேர இடிமழை கொஞ்சம் கைகொடுக்கும். ஜனவரியிலிருந்து மே வரை வானம் அநேகமாக வெளுத்தே கிடக்கும். இந்தக் கணக்குக்குத் தக்கபடி இங்கே உள்ள மரங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. இலையை உதிர்க்காமல், அந்த இலையையே சிறிதாக, தடிப்பாக, மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக ஆக்கிக்கொண்டன. நீர் ஆவியாவது குறைகிறது. எப்போதோ விழும் கோடை மழையை உடனே பயன்படுத்திக்கொள்ளப் பச்சை இலை தயாராக இருக்கிறது.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. மெதுவாகத்தான் வளர முடியும். வானளாவ உயரவும் முடியாது. பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரை மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் குட்டை, அடர்த்தி, முள். நாம் புதர் என்று பெயர் வைத்தது இதற்குத்தான். முழுதாக வளர்ந்த காடே இங்கே இந்த உருவத்தில்தான் இருக்கும் என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால், பூங்காவில் கண் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கும்.

அங்கே போனதும் ஓரத்தில் ஆரம்பியுங்கள். உள்ளே ஓடாதீர்கள். ஓரத்தில் காரை, சூரை, களா, சங்கஞ்செடி எல்லாம் முள்ளோடு நிற்கும். களாவும் காரையும் சூரையும் நமக்கே தின்பண்டம். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு நாக்கு ஊறும். பறவைகளுக்கும் அப்படித்தான். கொண்டைக்குருவியும் குயிலும் எங்கோ தின்ற பழத்தின் விதையை இந்த முட்செடிமேல் வந்து உட்கார்ந்து எச்சத்தோடு போடுகின்றன. விதை முள்ளுக்கு அடியில் விழுகிறது. அங்கே வெயில் குறைவு, ஈரம் அதிகம். ஆடு மாடு வாய் வைக்க முடியாது. அந்தப் பாதுகாப்பில் வீரையும் பாலையும் முளைத்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல எழும்பி, கடைசியில் முட்செடிக்கு மேலே தலை நீட்டும். குனிந்து ஒரு காரைச் செடியின் அடியைப் பாருங்கள். சருகுக்கு நடுவே, முட்செடியின் இலையோடு ஒட்டாத வேறு சாயலில், விரல் நீளத்துக்கு இரண்டு மூன்று கன்றுகள் நிற்பதைக் காணலாம். அவைதான் நாளைய காடு. நிலத்தைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று முதல் வேலையாக முட்புதரை வழிக்கும்போது வெட்டுப்படுவது அந்தத் தொட்டில்தான்.

அடுத்து, நடுத்தட்டில் காட்டெலுமிச்சை. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை வரும்; சுண்டுவிரல் நுனியைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய் இருக்கும். கறிவேப்பிலையில் முட்டையிடும் கருநிற வண்ணத்துப்பூச்சிகள் இதைத் தேடியும் வரும். அதற்கு மேலே பாலை. சப்போட்டா வளர்க்கிறவர்களுக்கு இந்த மரம் நன்றாகத் தெரியும். ஒட்டுச் சப்போட்டாவின் வேர்ப்பகுதி பெரும்பாலும் பாலைக் கன்றுதான். வறட்சியைத் தாங்கும் அந்த வேரை நம்பித்தான் மெக்சிகோ பக்கத்துப் பழம் நம் தோட்டத்தில் நிற்கிறது. இலங்கையில் வன்னிப் பக்கம் பாலைப்பழம் பருவத்துக்குச் சந்தைக்கே வரும். நம் பக்கத்தில் அந்த மஞ்சள் பழத்தைத் தின்றவர்கள் குறைந்துவிட்டார்கள்.

நான் யாரை அழைத்துப் போனாலும் அதிக நேரம் நிறுத்துவது காயா மரத்தடியில். காசான் என்றும் சொல்வார்கள். மரம் என்று சொன்னாலும் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம்தான். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே, தோல்போல் தடித்து இருக்கும். மார்ச், ஏப்ரல் வெயிலில் போனால், இலை உதிர்ந்த பழைய கிளையின் கணுக்களிலேயே நீலமும் ஊதாவும் கலந்த பொடிப்பூக்கள் கொத்துக்கொத்தாக அப்பியிருக்கும். ஒரு பூ கடுகைவிடக் கொஞ்சம் பெரிது; ஆனால் கிளை முழுவதும் நிறம். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடுகிறோமே, அந்த நிறம் இதுதான். இராமானுசர் 1017-இல் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அங்கே பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பூவைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? சுற்றுவட்டாரத்துக் குத்துக்காடுகளிலேயே அது பூத்துக்கொண்டிருக்கிறது.

காயாவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இந்தக் கரையிலிருந்து இன்று காரும் கைப்பேசியும் கப்பலேறுகின்றன. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறியது சாயத்துணி. சோழமண்டலக் கரையின் பூத்துணிக்கு ஐரோப்பாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பெரிய சந்தை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் மதராசில் இடம் பிடித்ததற்கு இந்தத் துணி வணிகம் முக்கியமான காரணம். அந்தத் துணியின் சிவப்பு, மணல்காட்டில் வளரும் சாயவேர் என்ற சிறு பூண்டின் வேரிலிருந்து வந்தது. வேரை வெறுமனே காய்ச்சினால் நிறம் துணியில் நிலைக்காது, துவைத்தால் போய்விடும். சாயக்காரர்கள் படிகாரம் சேர்த்தார்கள், காசான் இலையும் சேர்த்தார்கள். காசான் செடி மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி இலையில் நிறைய சேர்த்துவைக்கும் இயல்புள்ளது. அந்த அலுமினியம் சாயத்தையும் நூலையும் பிணைத்துவைக்கும். படிகாரம் செய்யும் அதே வேலை. வேதியியல் பாடம் வருவதற்கு முன்பே இந்தக் கரைக்காரர்கள் எந்த இலைக்கு அந்தக் குணம் என்று கண்டுவைத்திருந்தார்கள். இந்த வட்டாரத்தின் முதல் பெரிய ஏற்றுமதித் தொழிலுக்கு மூலப்பொருள் தந்தது இந்தப் 'புதர்'.

சரி, இந்தக் காடு இவ்வளவு பொருத்தமானது என்றால் நம் சாலை ஓரங்களிலும் ஆலை வளாகங்களிலும் அது ஏன் இல்லை? அவசரம்தான் காரணம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் புதிய கூரைகள் எழுந்தன. திறப்பு விழாவுக்குள் பச்சை தெரிய வேண்டும் என்றால் வேகமாக வளரும் மரம்தான் வேண்டும். மடகாஸ்கரின் குல்மோகர், அமெரிக்காவின் தூங்குமூஞ்சி, ஆப்பிரிக்கக் கரையின் கோனோகார்பஸ் என்று கார்டனிங் காண்ட்ராக்டர் கொண்டுவந்து நட்டார். கோனோகார்பஸ் காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில் கத்தரித்த பச்சைச் சுவராக நிற்கும். அதன் மகரந்தமும் வேரும் தரும் தொல்லைகளால் குஜராத் 2023-இல் தடை செய்தது. தமிழக அரசும் 2025-இல் தடை விதித்தது. வெளிநாட்டு மரம் எல்லாமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. வேகத்துக்காக எதை விட்டுக்கொடுத்தோம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அது புயலில் தெரிந்துவிடும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா கரையேறியபோது சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. குல்மோகர் போன்ற வேர் ஆழமில்லாத, கட்டை உறுதியில்லாத மரங்கள் அதிகம் விழுந்ததை எல்லோரும் பார்த்தோம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது ஆரோவில்லிலும் இதே பாடம். அங்கே வெறும் செம்மண் பொட்டலாக இருந்த மேட்டில் முதலில் நிழல் கிடைப்பதற்காக ஆஸ்திரேலிய அகேசியாக்களை நட்டிருந்தார்கள். புயலில் அவை பெருவாரியாக விழுந்தன. அவற்றின் நிழலில் நட்டு வளர்த்திருந்த நாட்டு மரங்கள் பெரும்பாலும் நின்றன. மெல்ல வளர்கிற மரம் தன் நேரத்தைக் கட்டையிலும் வேரிலும்தான் செலவழித்திருக்கிறது.

நம் முன்னோர் இந்தக் காட்டை முழுக்க விட்டுவிடவில்லை. மரக்காணம் பக்கம் புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி இதே காடு இன்னும் நிற்கிறது. காய்ந்த சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அதைக் காப்பாற்றியது. இப்போது பல கம்பெனிகள் மியாவாக்கி காடு போடுகின்றன அல்லவா? ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி தன் முறைக்கு முன்மாதிரி கண்டது அந்நாட்டுக் கோயில்களைச் சுற்றித் தலைமுறைகளாகக் காத்துவரும் தோப்புகளில்தான். அந்த இடத்தின் இயற்கைக் காட்டில் எந்த மரங்கள் இருந்தனவோ அவற்றைத்தான் கலந்து நெருக்கி நட வேண்டும் என்பது அவர் சொன்ன அடிப்படை. நர்சரியில் கிடைத்ததையெல்லாம் நெருக்கி நட்டுவிட்டு மியாவாக்கி என்று பலகை வைத்தால் அது அவர் சொன்ன காடு ஆகாது. நமக்கான பட்டியல் ஐயனார் கோயில் காட்டிலேயே இருக்கிறது.

தாம்பரத்தில் இன்னோர் உதாரணம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் அங்கே 365 ஏக்கர் குத்துக்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. எட்வர்டு பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் அந்த நிலத்தின் செடிகொடிகளைப் படித்து, காத்து, மரங்கள் நட்டு வளர்த்தார். கட்டடங்களும் மாணவர்களும் விளையாட்டுத் திடல்களும் இருக்கும் வளாகத்துக்குள்ளேயே அந்தக் காடு இன்றும் இருக்கிறது. வேலை நடக்கிற இடத்தில் காடு இருக்க முடியாது என்பவர்களுக்கு அதுவே பதில்.

இப்போது நம் சிப்காட்டுக்கு வருவோம். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும் பெரிய ஆலைகளுக்கு, மொத்தப் பரப்பில் 33 சதவீதம் பசுமை வளையம் வேண்டும் என்பது பொதுவாக விதிக்கப்படும் நிபந்தனை. அந்த இடம் எப்படியும் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். தினமும் தண்ணீர் கேட்கும் புல்தரையும் அலங்காரப் பனையும் வைப்பதா, மூன்று கோடைக்குப் பிறகு தண்ணீரே கேட்காத காட்டை வைப்பதா என்பதுதான் தேர்வு. வளாகத்துக் குளக்கரையில் நீர்மருது, நாவல், புங்கு. நடைபாதைக்கு மகிழம், பூவரசு, இலுப்பை. திறந்த மேட்டில் உசிலை, வெப்பாலை, ஆவாரை. உள்ளடுக்கில் வீரை, பாலை, காட்டெலுமிச்சை, காயா. சுவரோரம் கோனோகார்பஸ் இருந்த இடத்தில் களாவும் காரையும் வேலியாகும்.

செய்முறையிலும் சில விஷயங்கள் உண்டு. வீரை, காயா, காட்டெலுமிச்சை விதைகளை டப்பாவில் போட்டுவைத்தால் சீக்கிரமே முளைப்புத்திறன் போய்விடும். பழம் கனிந்ததும் சதையைக் கழுவி உடனே விதைக்க வேண்டும். நர்சரிகளில் இவை அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குழி கோடையிலேயே எடுத்து ஆறப்போட்டு, பருவமழை தொடங்கும் சமயத்தில் நட வேண்டும். முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் விட வேண்டும். சருகைக் கூட்டிக் கொளுத்தக் கூடாது. இந்தக் காட்டுக்கு உரமும் அதுதான், ஈரம் காக்கும் போர்வையும் அதுதான். கன்றுகளுக்கு வனத்துறை நாற்றங்கால்களைக் கேட்கலாம். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கும் நோக்கம்கொண்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பர் 24 அன்று நம் பக்கத்து வண்டலூரில்தான் தொடங்கியது. இலண்டன் கியூ தோட்டத்தின் தொழில்நுட்ப உதவியோடு சென்னைக்கு அருகே ரூ.300 கோடியில் ஒரு தாவரவியல் பூங்கா அமையும் என்றும் அரசு 2022-23 பட்ஜெட்டில் அறிவித்தது. அது அமையும்போது இந்த மண்ணின் காட்டுக்கு அதில் முதலிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்கிற உரிமை இங்கே வாழ்கிற நமக்கு இருக்கிறது.

பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு யோசனைகள். அனுமதி நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, காலையில் வெயில் ஏறுமுன் போங்கள். பூ பார்க்க பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். பறவைக்கும் ஈரத்துக்கும் டிசம்பர், ஜனவரி. எல்லாப் பலகைகளையும் படித்து முடிக்க வேண்டாம். பத்து மரங்களை மட்டும் இலையைத் தொட்டு, பட்டையைப் பார்த்து, கசக்கி முகர்ந்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் ஆளுக்கு இரண்டு மரம் என்று பிரித்துக் கொடுங்கள். அவர்கள் நம்மைவிட நன்றாக நினைவு வைத்துக்கொள்வார்கள்.

பிறகு அடுத்த வாரம் வேலைக்குப் போகும்போது, கம்பெனிக்கு வெளியே இன்னும் வழிக்கப்படாமல் இருக்கிற துண்டு நிலத்தைப் பாருங்கள். சீமைக்கருவேலத்துக்கு நடுவே அந்தப் பத்தில் நான்கைந்தாவது கண்ணில் படும். பட்டதும் உங்கள் ஆலையின் பசுமை வளையத்தைக் கவனிக்கும் அதிகாரியிடம் போய், அந்த மரங்களின் பெயரைச் சொல்லி, இந்தப் பருவமழைக்கு அவற்றில் சிலவற்றையாவது நடச் சொல்லிக் கேளுங்கள். பெயர் தெரிந்தவர்கள் கேட்டால்தான் அது நடக்கும்.